இபானும் மலாயும்: அன்றாடப் பேச்சை இருபுறமும் மொழிபெயர்க்க முழுமையான வழிகாட்டி

தீபகற்ப மலேசியாவிலிருந்து இபான் பழங்குடி மக்கள் தங்கள் சொந்த மொழியான இபானைப் பேசும் சரவாக் மாநிலத்தின் உட்பகுதிக்கு மாற்றலாகிப் போகிற ஆசிரியர்கள், தாதிகள், மருத்துவ உதவியாளர்கள் எல்லாரும் ஒரே தைரியத்தில்தான் போகிறார்கள்: “மலாய் தெரியும், இபானும் கிட்டத்தட்ட அதுதானே.” நானும் அப்படித்தான் போனேன். காப்பிட் பக்கம் ஒரு கிராமப்புறக் கிளினிக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, எனக்குப் பின்னால் வந்தவர்கள் நான் விழுந்த அதே இடங்களில் வரிசையாக விழுவதைப் பார்த்தேன். தெரியாத சொல்லில் யாரும் விழவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த சொல் மாதிரி இருந்த சொல்லில்தான் விழுந்தார்கள்.

அதனால் இங்கே வரிசை முக்கியம். பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்வது கடைசி. முதலில் ஆட்களைக் குறிக்கும் சொற்கள், அப்புறம் ‘இல்லை’, அப்புறம் மற்றவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு மூன்று பத்தி: இபான், மலாய், யார் எங்கே சொன்னது. மூன்றாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சொல்லின் மேல் சந்தேகம் வரும்போது, அதைச் சொன்னது பாட்டியா பள்ளிக்கூடப் பையனா என்று தெரிந்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். படிக்க அது போதும், பதிவுக்குப் போதாது. இபானில் ‘உடன்’ என்பதற்கான ‘எங்காவ்’, மலாயில் ‘நீ’ என்பதற்கான ‘எங்காவ்’ இரண்டும் தமிழில் ஒன்றாகிவிட்டன பாருங்கள். முதல் சொல்லில் வருவது ‘தங்கம்’ என்னும்போது வரும் ஓசை. இரண்டாவதில் அழுத்தமான க.

எந்த மலாய் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாரத்தில் (படிவத்தில்) எழுதுவது பொது மலாய். கடைத்தெருவில் கேட்பது சரவாக் மலாய். அதில் ‘நான்’ என்பது ‘காமெக்’, ‘நீங்கள்’ என்பது ‘கித்தாக்’, ‘இல்லை’ என்பது ‘சிக்’. இரண்டையும் கலந்து நோட்டில் எழுதினால் எது இபான், எது சரவாக் மலாய் என்றே பிறகு தெரியாது.

அகராதி வேண்டும். மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா வெளியிட்ட இபான்–மலாய் அகராதி ஒன்று இருக்கிறது. தேடும்போது ஒரு சங்கதி: பழைய எழுத்துமுறையில் ‘ஓ’ இருக்கும் இடத்தில் இப்போது ‘உ’ எழுதுகிறார்கள். ‘ஜாக்கோ’வும் ‘ஜாக்கு’வும் ஒன்றே, ‘பேச்சு, மொழி’ என்று பொருள். ‘மெனோவா’வும் ‘மெனுவா’வும் ஒன்றே, ‘ஊர், நாடு’. ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பிலும் இபான் வந்துவிட்டது. வாக்கியத்தின் குத்துமதிப்பான அர்த்தம் தெரிய அது உதவும். யாரிடம் பேசுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

2. முதலில் ஆட்களைக் குறிக்கும் சொற்கள்

இங்கே தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. யார் வர வேண்டும், யார் மருந்து சாப்பிட வேண்டும் என்பதே மாறிவிடும்.

‘நான்’ என்பது இபானில் ‘ஆக்கு’. மரியாதையான ‘நீங்கள்’ ‘நுவான்’. ‘அவன், அவள், அவர்’ எல்லாம் ‘இயா’. ‘அவர்கள்’ ‘சிடா’.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி. இபானில் ‘நாங்கள்’ ‘காமி’, மலாயிலும் ‘காமி’. ‘நாம்’ மலாயில் ‘கித்தா’, இபானில் ‘கித்தாய்’. கடைசியில் ஒரு ‘ய்’தான் வித்தியாசம். ஆனால் அந்த ‘ய்’ இல்லாத ‘கித்தா’வும் இபானில் உண்டு. அதற்கு ‘நீங்கள் எல்லாரும்’ என்று பொருள்.

எங்களோடு புதிதாகச் சேர்ந்த தாதி ஒருவர் ஒரு நீள வீட்டுக் (பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு) கூட்டத்தில், நாளை மருத்துவக் குழு வரும் என்று அறிவிக்க நினைத்து, ‘கித்தா டாத்தாய் பாகிலா’ என்றார். மலாய்ப் பேச்சில் ‘காமி’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘கித்தா’ சொல்வது சகஜம், அந்தப் பழக்கம். கேட்டவர்களுக்கு விழுந்தது ‘நீங்கள் எல்லாரும் நாளைக்கு வாருங்கள்’. மறுநாள் நாங்கள் படகில் மேலே போனோம், அவர்கள் வேறு படகுகளில் கீழே இறங்கி வந்தார்கள். நடு ஆற்றில் சந்தித்துக் கையசைத்துக்கொண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

இன்னொன்று, இருவருக்கென்றே தனிச்சொற்கள் உண்டு. ‘துவா’ என்றால் ‘நாம் இருவர்’. ‘ஆராம் துவா மாக்காய்’ என்றால் ‘வா, நாம் ரெண்டு பேரும் சாப்பிடலாம்’. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் இதைச் சொன்னால் மூன்று பேரை விலக்கிவிட்டீர்கள். கூட்டத்தில் ‘ஆராம் கித்தாய் மாக்காய்’. மலாயில் ‘துவா’ என்றால் ‘முதிய’. அதற்கு இபானில் ‘துவாய்’. நீள வீட்டின் தலைவரை ‘துவாய் ரூமா’ என்பது அதனால்தான். ‘கித்தா–கித்தாய்’, ‘துவா–துவாய்’ இரண்டு ஜோடிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

3. ‘இல்லை’யைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் யோசித்து மலாய் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே. ‘டாக்டர் இல்லை’ என்று நாம் சொன்னால் ‘இவர் டாக்டர் அல்ல’ என்றும் ஆகும், ‘டாக்டர் இங்கே இல்லை’ என்றும் ஆகும். இபானுக்கும் மலாய்க்கும் இவை வேறு வேறு சொற்கள். நல்ல வேளையாக இரண்டு மொழிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிரிக்கின்றன. ஒன்றைச் சரியாகப் பிடித்தால் மற்றது தானே வரும்.

செயல் நடக்கவில்லை என்றால் இபானில் ‘எண்டா’, மலாயில் ‘தீடாக்’. ‘அது அல்ல’ என்றால் ‘உக்காய்’, மலாயில் ‘புக்கான்’. ‘இல்லை, கிடையாது’ என்றால் ‘நாடாய்’, மலாயில் ‘தியாடா’. ‘இன்னும் இல்லை’ என்றால் ‘பெடாவ்’, மலாயில் ‘பெலும்’. ‘வேண்டாம், செய்யாதே’ என்றால் ‘ஆனாங்’, மலாயில் ‘ஜாங்கான்’. ‘எனக்கு விருப்பமில்லை’ என்றால் ‘எங்காய்’, மலாயில் ‘தாக் மாவு’.

ஆகவே ‘ஆக்கு உக்காய் டொக்டெர்’ என்றால் நான் டாக்டர் அல்ல. ‘டொக்டெர் நாடாய்’ என்றால் டாக்டர் இல்லை.

‘சாப்பிட்டாயா?’ என்ற கேள்விக்கு ‘எண்டா’ என்று பதில் எழுதுவது புதியவர்களின் வழக்கமான தவறு. ‘உடா மாக்காய்?’ என்று கேட்டால் சாப்பிடாதவர் சொல்வது ‘பெடாவ்’. மருந்து விஷயத்தில் இதைக் கவனியுங்கள். ‘பெடாவ்’ சொன்னவர் இனிமேல் சாப்பிடப் போகிறவர். ‘எங்காய்’ சொன்னவர் சாப்பிட மறுக்கிறவர். இரண்டையும் ‘தீடாக்’ என்று பாரத்தில் எழுதினால் அடுத்து பார்க்கும் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

இரட்டை மறுப்பும் உண்டு. ‘ஆனாங் எண்டா டாத்தாய்’ என்பதை ‘வராதே’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘வராமல் இருந்துவிடாதே’, அதாவது கட்டாயம் வா. மலாயில் ‘மெஸ்தி டாத்தாங்’ என்று நேர்மறையாகச் சொல்வதே இயல்பு.

4. சுட்டும் சொற்களும் கேள்விச் சொற்களும்

சின்னச் சின்னச் சொற்கள். ஒரு வாக்கியத்தில் நாலு தடவை வரும். அதனால் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் இவை.

இபானில் ‘து’ என்றால் ‘இது’. மலாய்ப் பேச்சு வழக்கில் ‘து’ என்றால் ‘அது’. நேர் எதிர். இபானில் ‘ஞா’ என்றால் ‘அது’. மலாயில் அது ஒட்டாக வந்து ‘அவருடைய’ என்று ஆகும். இபானில் ‘டியா’ என்றால் ‘அங்கே’, மலாயில் ‘அவர்’. இபானில் ‘நி’ என்றால் ‘எங்கே’. மலாய்ப் பேச்சில் ‘இது’. ‘டாத்தாய் ஆரி நி?’ என்பது ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’ மலாய்க் காதுக்கு ‘இதிலிருந்து வருகிறது’ என்று விழும்.

‘நாமா’ இபானில் ‘என்ன’. மலாயில் ‘பெயர்’. சிக்கல் என்னவென்றால் இபானிலும் பெயருக்கு அதே சொல்தான். ‘நாமா நாமா நுவான்?’ என்று கேட்டால் திக்குகிறார் என்று நினைக்காதீர்கள். ‘உங்கள் பெயர் என்ன?’ என்கிறார். ‘சாப்பா நாமா நுவான்?’ என்றும் கேட்பார்கள்.

‘கினி’ இபானில் ‘எங்கே போக’. மலாயில் ‘இப்போது’. ‘இனி’ மலாயில் ‘இது’, இபானில் ‘பாட்டி’, தமிழில் இனிமேல். பாட்டியைக் கூப்பிடும் ‘இனி’யின் கடைசி ஓசையைத் தொண்டையில் சட்டென வெட்டி நிறுத்த வேண்டும். இந்த வெட்டை எழுத்தில் பெரும்பாலும் காட்டுவதில்லை. கேட்டுத்தான் பழக வேண்டும்.

5. ஓசை விதிகள், ஒரு திசையில் மட்டும்

இங்கிருந்து வேலை கொஞ்சம் லேசாகும். மலாய்ச் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ இபானில் விழுந்துவிடும்: ‘ஹாரி’ (நாள்) ‘ஆரி’ ஆகும், ‘ஹூஜான்’ (மழை) ‘உஜான்’, ‘ஹாத்தி’ (உள்ளம்) ‘ஆத்தி’. இந்த ‘ஆரி’க்கு ‘இருந்து’ என்ற பொருளும் உண்டு, மலாயின் ‘டாரி’.

மலாயில் ‘ஆன்’, ‘ஆங்’, ‘ஆர்’ என்று முடியும் பல சொற்கள் இபானில் ‘ஆய்’ என்று முடியும். ‘மாக்கான்’ (சாப்பிடு) ‘மாக்காய்’, ‘ஜாலான்’ (நட) ‘ஜாலாய்’, ‘டாத்தாங்’ (வா) ‘டாத்தாய்’, ‘பூலாங்’ (வீடு திரும்பு) ‘பூலாய்’, ‘பெசார்’ (பெரிய) ‘பெசாய்’. ‘ரூமா பாஞ்சாங்’ என்ற நீள வீடு ‘ரூமா பாஞ்சாய்’ ஆவது இதனால்தான்.

இந்த விதியை இபானிலிருந்து மலாய்க்குப் போகும்போது மட்டும் பயன்படுத்துங்கள். கேட்ட சொல்லை அடையாளம் காண அது உதவும். மலாயிலிருந்து இபான் சொல்லைத் ‘தயாரிக்க’ உதவாது, ஏனென்றால் எல்லாச் சொல்லும் மாறுவதில்லை. மீன் இரண்டிலும் ‘இக்கான்’, நிலா இரண்டிலும் ‘பூலான்’. ‘இக்காய்’ என்று கேட்டு சந்தையில் நின்றவன் நான். மீன்காரம்மா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் மீன் வாங்கினேன்.

6. வினைச்சொல்லின் வேரைத் தேடுதல்

மலாயில் ‘மெ’ என்ற முன்னொட்டு வருமிடத்தில் இபானில் மூக்கொலி மட்டும் நிற்கும். ‘மெம்பெலி’ (வாங்கு) ‘மெலி’ ஆகும், ‘மெம்பாயார்’ (பணம் கட்டு) ‘மாயார்’, ‘மெம்பெரி’ (கொடு) ‘மெரி’, ‘மெனுலிஸ்’ (எழுது) ‘நூலிஸ்’. அகராதியில் ‘மெலி’ கிடைக்காவிட்டால் முதல் ம-வை எடுத்துவிட்டு ப-வில் தேடுங்கள்: ‘பெலி’. ந-வில் தொடங்கினால் த-வில். ங-வில் தொடங்கினால் க-வில் அல்லது உயிரெழுத்தில். ‘குடி’ என்பதற்கான ‘ஙிருப்’ மலாயின் ‘ஹிருப்’ (உறிஞ்சு) என்பதன் உறவு. ஆனால் மலாயில் எழுதும்போது ‘மீனும்’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் நோயாளி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

மலாயின் ‘பெர்’ இபானில் ‘பெ’. ‘பெர்ஜாலான்’ ‘பெஜாலாய்’ ஆகும். இதில் குழப்பம் குறைவு.

7. உறவுபோல நடிக்கும் சொற்கள்

இந்தப் பகுதியை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்துச் சொற்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில்: ‘பெடிஸ்’ என்றால் வலி. மலாயில் ‘பெடாஸ்’ என்றால் காரம். வயிறு ‘பெடிஸ்’ என்று சொன்னவரிடம் மிளகாய் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. ‘ஜாரி’ இபானில் கை, மலாயில் விரல். இபானில் விரல் ‘துஞ்சுக்’. மலாயில் அது ‘சுட்டிக்காட்டு’. கை வலிக்கிறது என்பவரின் விரலுக்குக் கட்டுப் போட இந்த ஒரு சொல் போதும். ‘ஞாவா’ இபானில் வாய், மலாயில் உயிர். ‘காலி’ இபானில் படு, மலாயில் தோண்டு. ‘கெராய்’ இபானில் உடல்நலத்தோடு இருப்பது, மலாயில் சாலையோரக் கடை.

வீட்டில்: ‘இபு’ மலாயில் அம்மா, இபானில் அத்தை, சித்தி முறை. இபானில் அம்மா ‘இண்டாய்’, அப்பா ‘ஆப்பாய்’, தாத்தா ‘ஆக்கி’. குழந்தையைக் கூட்டி வந்தவர் ‘இபு’ என்றால் பாரத்தில் தாய் என்று எழுதாதீர்கள், கேளுங்கள். ‘பீலிக்’ மலாயில் ஓர் அறை. நீள வீட்டில் ஒரு குடும்பம் வாழும் முழுப் பகுதி. ‘இருபது பீலிக்’ என்றால் இருபது குடும்பம்.

வெளியே: ‘கம்போங்’ மலாயில் கிராமம், இபானில் காடு. ‘அவர் கம்போங்குக்குப் போயிருக்கிறார்’ என்பதைக் கேட்டு ஊருக்குப் போயிருக்கிறார் என்று எழுதினால், ஆள் காட்டில் இருப்பார். ‘செமாக்’ இபானில் பக்கத்தில். மலாயில் புதர், அல்லது சரிபார்.

காலம்: ‘கெமாரி’ இபானில் நேற்று, மலாயில் இங்கே வா. ‘பாகிலா’ இபானில் நாளை. மலாய்க் காது அதில் ‘பாகி’யை மட்டும் பிடித்துக் காலை என்று எடுத்துக்கொள்ளும். ‘லெகி’ இபானில் பிறகு. மலாயின் ‘லாகி’ (மேலும்) அல்ல, அதற்கு இபானில் ‘ஆகி’. ‘பாரு’ மலாயில் ‘இப்போதுதான்’. ‘பாரு டாத்தாங்’ என்றால் இப்போதுதான் வந்தார். இபானில் ‘டாத்தாய் பாரு’ என்றால் மறுபடி வா.

‘நெமு’ இபானில் தெரியும், அறிவேன். மலாயின் ‘தெமு’ (சந்தி) அல்ல. ‘ஆக்கு எண்டா நெமு’ என்றால் எனக்குத் தெரியாது. ‘ரிண்டு’ மலாயில் ஒருவரைப் பிரிந்து ஏங்குவது. இபானில் பிடித்திருக்கிறது, மகிழ்ச்சி. விருந்தில் உங்களைப் பார்த்து ஒருவர் ‘ரிண்டு’ என்றால் ஏக்கமெல்லாம் ஒன்றுமில்லை.

8. மரியாதை அளவை மாற்றுதல்

சொல் சரியாக இருந்தும் வாக்கியம் முரடாகிவிடும் இடம் இது. இபானில் ‘ஆக்கு’ யாரிடமும் சொல்லலாம். மலாயில் ‘ஆக்கு’ நெருங்கியவர்களிடம் மட்டும், மற்றவர்களிடம் ‘சாயா’. இபான் ‘நுவான்’ என்பதை மலாயில் ‘எங்காவ்’ என்று இறக்காதீர்கள். வயதானவருக்கு ‘பாக் சிக்’, ‘மாக் சிக்’ என்று முறைவைத்து எழுதுங்கள்.

மறுபக்கம் போகும்போது ஒரு பொறி. மலாயில் இளையவரை அன்பாக ‘டிக்’ என்போம். இபானில் ‘டிக்’ என்றால் ‘நீ’. பெரியவரிடம் அது வாயில் வரக்கூடாது. மூத்த பெண்களை ‘இண்டாய்’ என்றோ, பிள்ளையின் பெயரைச் சேர்த்து ‘இன்னாரின் இண்டாய்’ என்றோ கூப்பிடுவது வழக்கம். வயது அதிகமென்றால் ‘இனி’, ‘ஆக்கி’.

கணவன், மனைவிக்கு இபானில் ‘லாக்கி’, ‘பினி’, சாதாரணச் சொற்கள். மலாயில் ‘பினி’ கொச்சை. பாரத்தில் ‘சுவாமி’, ‘இஸ்த்ரி’ என்று எழுதுங்கள்.

எண்ணும்போதும் கவனம். இபானில் மனிதருக்கும் மிருகத்துக்கும் ‘இக்கோ’ என்ற எண்ணடைச் சொல் உண்டு: ‘தீகா இக்கோ ஆனாக்’, மூன்று பிள்ளைகள். மலாயில் ‘ஏக்கோர்’ மிருகத்துக்கு மட்டும். பிள்ளைகளுக்கு ‘தீகா ஓராங்’. அப்படியே தூக்கி எழுதினால் மூன்று குட்டிகள் ஆகிவிடும்.

9. முழு வாக்கியம்

இப்போதுதான் வாக்கியம். முதலில் இது எதற்காகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள், அப்புறம் யார் யாரிடம், கடைசியில் சொல்.

‘கினி கா நுவான்?’ (எங்கே போகிறீர்கள்?) விசாரணை அல்ல, நலம் விசாரிப்பு மாதிரி. ‘என்ன, எங்கே கிளம்பிட்டீங்க?’ என்று நம் ஊரில் கேட்பதைப் போல. மலாயில் ‘நாக் கெ மானா?’ என்று எழுதலாம். பதில் சுருக்கமாக ‘ஆக்கு டெக்கா பூலாய்’ (வீட்டுக்குப் போகிறேன்) போதும்.

‘நாமா பெரித்தா நுவான்?’ (எப்படி இருக்கிறீர்கள்?) சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘உங்கள் செய்தியின் பெயர்’ என்று வரும். மலாயில் ‘ஆப்பா காபார்?’ பதில் ‘கெராய்’ என்றால் ‘காபார் பாயிக்’.

‘பெருத் ஆக்கு பெடிஸ் ஆரி கெமாரி.’ (நேற்றிலிருந்து வயிறு வலிக்கிறது.) மலாயில் ‘பெருத் சாயா சாக்கித் செஜாக் செமாலாம்.’ மலாய் ‘செமாலாம்’ நேற்று பகலையும் குறிக்கும், நேற்றிரவையும் குறிக்கும். எப்போதிலிருந்து என்பது முக்கியமென்றால் ‘மாலாம் தாடி’யா (நேற்று ராத்திரியா) என்று இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள், அது இரண்டு மொழிக்கும் பொது.

மலாயிலிருந்து இபானுக்கு: ‘மெதுவாகப் பேசுங்கள், எனக்குப் புரியவில்லை’ என்பது ‘ஜாக்கு லூபா-லூபா, ஆக்கு எண்டா மெரெத்தி’. ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்பது ‘ஙாந்தி எண்டா லாமா’. ‘பரவாயில்லை’ என்பதற்கு ‘தீடாக் ஆப்பா’வை உடைத்து மொழிபெயர்க்காதீர்கள், ‘நாடாய் ஙாவா’ என்று முழுதாகவே ஒரு சொல் இருக்கிறது.

ஜூன் 1, 2 தேதிகளில் காவாய் டாயாக் என்ற அறுவடைத் திருநாள் வரும். அப்போது சொல்லும் ‘காயு குரு, கெராய் ஞாமாய்’ என்ற வாழ்த்தில் ஆசிரியரும் கடையும் கிடையாது. நீண்ட ஆயுள், நோயற்ற, சுகமான வாழ்வு என்பதே பொருள். மலாயில் எழுத வேண்டுமென்றால் கருத்தை எழுதுங்கள். முடிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், சரவாக்கில் எல்லாருக்கும் தெரியும்.

10. சரிபார்த்தல்

எழுதியதை எழுதியவரிடமே கேட்காதீர்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவரிடம் உங்கள் மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டி, “இதில் யார், என்ன, எப்போது செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் போதும். ‘புரிகிறதா?’ என்று கேட்டால் விருந்தாளியின் மனம் நோகக்கூடாதென்று ‘ஆவ்’ (ஆமாம்) என்றுதான் சொல்வார்கள்.

ஒரு முதியவர், ஒரு இளைஞர் என்று இருவரிடம் காட்டுவது நல்லது. பட்டணத்தில் படித்த இளைஞர்கள் இபானில் மலாயைக் கலந்து பேசுவதால் உங்கள் மலாய்த்தனமான வாக்கியம் அவர்களுக்கு உறுத்தாது. பாட்டிக்கு உடனே உறுத்தும். ஆற்றுக்கு ஆறு சொல் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். பெத்தோங் பக்கத்தில் கற்றதை ராஜாங் ஆற்றங்கரையில் சொல்வதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறியவற்றை அழிக்காமல் சிவப்பு மையில் அதே பக்கத்தில் வைத்திருங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு நோட்டைக் கொடுக்கும்போது, அவர் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளைத்தான்.